ஹைக்கூ இயங்குதளம்: ராக்கெட் படம் ஒளிர்ந்தபின் திரை கருத்துவிடுவது குறித்து

வணக்கம். ஒரு ஜிபி நினைவகமுள்ள பழைய மடிக்கணினியில், பென்டிரைவிலிருந்து ஹைக்கூ இயங்குதளத்தைத் தொடங்கும்போது, தொடக்கத் திரையின் படங்கள் கடைசிப் படமான ராக்கெட் வரை ஒளிர்ந்து, பின் திரை இருண்டுவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். நினைவகம் போதவில்லையோ என்ற ஐயம் வேண்டாம். ஹைக்கூவின் குறைந்தபட்சத் தேவை 384 எம்பிதான். ராக்கெட் வரை வந்துவிட்டதால் பென்டிரைவையும் நான் சந்தேகிக்கமாட்டேன். பெரும்பாலும் திரைக்காட்சியை இயக்கும் மென்பொருளான கிராஃபிக்ஸ் டிரைவர்தான் காரணம்.

கணினியை இயக்கியதும், ஹைக்கூவின் முத்திரை தோன்றுவதற்கு முன்பே ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்திருந்தால் தொடக்கத் தெரிவுகளின் பட்டியலான பூட் மெனு வரும். அதில் 'சேஃப் மோட்' பகுதிக்குள் சென்று 'ஃபெயில்-சேஃப் கிராஃபிக்ஸ் டிரைவர்' என்பதைத் தேர்ந்து, முதன்மைப் பட்டியலுக்குத் திரும்பித் தொடருங்கள். சற்றுத் தாமதமாக அழுத்தினால் மெனு வராது; ரிச்சி தெருவில் வாங்கிய என் பழைய கணினியில் மூன்றாம் முறைதான் எனக்கே வாய்த்தது.

ஹைக்கூவின் முன்னோடி இயங்குதளமான பிஓஎஸ்ஸின் (BeOS) பழைய செயலிகளையும் இயக்கிப் பார்க்க விரும்பினால் 32-பிட் பதிப்பையே வைத்துக்கொள்ளுங்கள். 64-பிட் பதிப்பில் அவை இயங்கா. இன்னும் பீட்டா (சோதனை) நிலையிலுள்ள அமைப்பு என்பதால், வன்தட்டில் நிறுவாமல் பென்டிரைவிலேயே சில நாள் ஓட்டிப் பாருங்கள். வைஃபை பிடிக்காவிட்டால் லேன் கம்பியைச் செருகிப் பாருங்கள்.