அட்ரோபின் துளி விட்டும் கண்ணாடி நம்பர் ஏறுது, நிப்பாட்டவோ?

நிப்பாட்டாதேங்கோ. 0.01 வீத அட்ரோபின் இருக்கிற கிட்டப்பார்வையை மாத்தாது, ஏறுற வேகத்தைத்தான் குறைக்கும். மகளுக்கு ஆறு மாதத்தில 1.50 இலிருந்து 1.75 ஆனது எண்டு எழுதியிருக்கிறியள். 0.25 எண்டது வழமையா அளக்கிற ஆகச் சின்னப் படி. அதை மட்டும் வைச்சு மருந்து சரிவரேல்லை எண்டு சொல்லேலாது.

துளி விட்டால் "கன்னத்தால வழியுது" எண்டு நீங்கள் எழுதினதுதான் எனக்கு யோசனையாக் கிடக்கு. மருந்து உள்ளுக்குப் போகாமலே இருக்கலாம். இண்டைக்கு இரவு பிள்ளையைப் படுக்க வைச்சு, கீழ் இமையை மெல்ல இழுத்து, அந்தப் பைக்குள்ள ஒரு துளி விடுங்கோ. கண்ணை மூடச் சொல்லி, மூக்கோரக் கண்மூலையை ரெண்டு நிமிசம் மெல்ல அமத்துங்கோ. போத்தல் நுனி கண்ணில முட்டக்கூடாது.

லேபிளையும் வடிவா வாசியுங்கோ. 1 வீதம் எண்டால் நூறு மடங்கு கூட. வெயில் கூசும், கிட்ட எழுத்து மங்கும். அப்பிடியெண்டால் அண்டைக்கே வைத்தியரிட்டக் காட்டுங்கோ.

0.01 எல்லாப் பிள்ளையளுக்கும் போதாது. ஹொங்கொங் ஆய்வில 0.05 தான் கூடப் பலன் தந்தது. அடுத்த முறை கிளிநொச்சிக் கண் கிளினிக்குக்குப் போகேக்க இதைக் கேளுங்கோ. நீங்களாத் துளியைக் கூட்ட வேண்டாம்.