எட்டு அங்குலக் கல்லுக்கு எந்தப் புத்தகம்?

கேள்வி: ஆத்தங்குடியில் எங்கள் குடும்பத்துக்குச் சிறிய டைல்ஸ் பட்டறை இருக்கிறது. புதிய பூ டிசைன் என்றால் அப்பா இன்னமும் காகிதத்தில் காம்பஸ் வைத்துத்தான் போடுகிறார். நான் கணினியில் வரையக் கற்று, நிறம் ஊற்றும் அச்சை வெட்டுபவருக்கு அளவு பிசகாமல் கொடுக்க நினைக்கிறேன். காரைக்குடியில் ஒரு பயிற்சி மையத்தில் கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருள் வகுப்போடு புத்தகமும் சாஃப்ட்வேர் சிடியும் 1,200 ரூபாய் என்கிறார்கள். புத்தகக் கடையில் இங்க்ஸ்கேப் என்ற இன்னொரு வரைகலை மென்பொருள் பற்றி ஒரு தமிழ்ப் புத்தகமும், தலையணை அளவில் ஓர் ஆங்கிலப் புத்தகமும் பார்த்தேன். எல்லாம் வெவ்வேறு பதிப்புக்கானவை. ஆங்கிலம் எனக்கு மெதுவாகத்தான் வரும். எதை வாங்கலாம்?

பதில்: அந்த 1,200 ரூபாய்க் கட்டை வாங்காதீர்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

புத்தகம் விற்பவர் ஒருவர், பாடம் நடத்துபவர் வேறொருவர் என்றிருந்தால் புத்தகத்தில் இருக்கும் பிழையை வாத்தியாரிடமாவது கேட்கலாம். இருவரும் ஒரே ஆளாக ஒரே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தால் யாரிடம் போய்க் கேட்பது? அந்தப் 'பாடநூல்' எப்படித் தயாராகிறது என்று எனக்குத் தெரியும். எவரோ எழுதிய புத்தகத்தைச் செராக்ஸ் எடுத்து, ஸ்பைரல் போட்டு, மேலே மையத்தின் பெயரை நாலு வண்ணத்தில் அச்சடித்து ஒட்டிவிடுவார்கள். முதல் நாற்பது பக்கம் கணினி என்றால் என்ன, மவுஸ் என்றால் என்ன என்று போகும். பிறகு மெனுவில் உள்ள ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு வரி. 'சேவ் என்பது சேவ் செய்வதற்குப் பயன்படுகிறது' என்று எழுதியிருந்ததை நானே படித்திருக்கிறேன். இரவு பத்து மணிக்கு ஒரு தாமரை இதழ் உங்களுக்கு வளைய மாட்டேன் என்று அடம்பிடிக்கும்போது இந்த வரியை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

சிடி விஷயம் இன்னும் மோசம். கோரல்டிரா விலை கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருள். வகுப்புக் கட்டணத்தோடு 'இலவசமாக' வருகிறது என்றால் அது களவுப் பிரதி. கூடவே வைரஸும் வரலாம். கல்யாணப் பத்திரிகை வடிவமைத்துக் காலம் தள்ளியவன் நான். அப்படி ஒரு சிடியை நம்பி, ஆவணி முகூர்த்தத்துக்கு முந்தைய வாரம் கணினியில் இருந்த பதினோரு பத்திரிகைகளையும் பறிகொடுத்திருக்கிறேன். மாப்பிள்ளை வீட்டாருக்குப் பதில் சொன்ன பாடு எனக்குத்தான் தெரியும். இன்னொன்று, இப்போது வருகிற மடிக்கணினிகள் பலவற்றில் சிடி போடுவதற்கே இடம் கிடையாது. அதையும் மையத்தில் கேட்டுப் பாருங்கள். 'பென் டிரைவில் ஏற்றித் தருகிறோம், அதற்கு 200 ரூபாய்' என்பார்கள்.

புத்தகத்தைத் தேடும் முன் மென்பொருளை முடிவு செய்துகொள்ளுங்கள். ஒன்றுக்கு எழுதிய புத்தகம் மற்றொன்றுக்கு உதவாது. கோட்டின் முனையைக் கோரல்டிராவும் இங்க்ஸ்கேப்பும் 'நோடு' என்று சொல்வதை, இல்லஸ்ட்ரேட்டர் என்ற மூன்றாவது வரைகலை மென்பொருள் 'ஆங்கர் பாயின்ட்' என்று சொல்லும். கட்டளைகள் இருக்கும் இடமும், அழுத்த வேண்டிய விசைகளும் மாறும். நம் ஊர் அச்சகங்களும் ஃபிளெக்ஸ் கடைகளும் கோரல்டிராவில் ஊறிப்போனவை. அதனால்தான் பயிற்சி மையங்கள் அதையே விற்கின்றன. நீங்கள் ஃபிளெக்ஸ் அடிக்கப் போவதில்லை. இல்லஸ்ட்ரேட்டரை 2013-இலிருந்து சந்தா கட்டித்தான் பயன்படுத்த வேண்டியிருக்கிறது. பட்டறை வருமானத்தில் அது தேவையற்ற செலவு. இங்க்ஸ்கேப் 2003-இல் தொடங்கிய கட்டற்ற மென்பொருள். அதன் சொந்தத் தளத்திலிருந்து காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். கோடு, வளைவு, அளவு இந்த மூன்றும்தான் உங்கள் வேலை. அதற்கு இங்க்ஸ்கேப் தாராளம்.

இனி கடைக்குப் போங்கள். புத்தகத்தை முன்பக்கத்திலிருந்து புரட்டாதீர்கள். நோக்குநூலை வரிசையாக யாரும் படித்து முடிப்பதில்லை. முட்டி நிற்கும்போது தேடி எடுக்கும் புத்தகம் அது. ஆகவே கடைசிப் பக்கத்துக்குப் போய், அகரவரிசையில் சொல்லடைவு (எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்ற பட்டியல்) இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள், எவ்வளவு பளபளப்பான அட்டையாக இருந்தாலும் சரி.

இருந்தால் முதலில் 'நோடு' என்ற சொல்லைத் தேடி, அது காட்டும் பக்கத்துக்குப் போங்கள். கோடு ஒடிந்து திரும்புகிற முனைக்கும் வழுவழுவென்று வளைந்து போகிற முனைக்கும் வித்தியாசம் படத்தோடு சொல்லியிருக்க வேண்டும். முனையிலிருந்து இரண்டு பக்கமும் மீசை போல நீளுகிற கைப்பிடிகளை எந்தப் பக்கம் இழுத்தால் வளைவு எப்படி மாறும் என்றும் காட்டியிருக்க வேண்டும். இதற்குக் குறைந்தது ஐந்தாறு பக்கமாவது ஒதுக்காத புத்தகம் உங்களுக்கு வேண்டாம். ஒரு பூவின் அச்சு சுத்தமாக வருவதும் கோணலாவதும் இங்கேதான் முடிவாகிறது.

அடுத்த சொல் 'குளோன்'. நாலு கல்லை, அதாவது நாலு டைல்ஸைச் சேர்த்தால் ஒரு முழுப் பூ வருகிற டிசைன் உங்கள் பட்டறையிலேயே இருக்கும். ஒரு கல்லை வரைந்துவிட்டு, அதையே 90 பாகை 90 பாகையாகத் திருப்பித் தரை முழுவதும் பரப்பிக் காட்ட இங்க்ஸ்கேப்பில் 'டைல்ட் குளோன்ஸ்' என்ற வசதி இருக்கிறது. ஒரே உருவம் தளத்தில் திரும்பத் திரும்ப வரும் சமச்சீர் முறைகள் கணிதப்படி 17. அந்தப் பதினேழும் அதில் உண்டு. மூலக் கல்லில் ஒரு இதழைச் சற்று அகட்டினால் பரப்பிய எல்லாக் கல்லிலும் அது கூடவே அகலும். கல் ஊற்றுவதற்கு முன்பே கூடம் எப்படி இருக்கும் என்று வீட்டுக்காரருக்குக் காட்டிவிடலாம். இந்த வசதியை அரைப் பக்கத்தில் கடந்து போகிற ஆசிரியர் நம் செட்டிநாட்டுக் கானாடுகாத்தான் பக்கம் வந்து ஒரு தரையையும் பார்க்காதவர்.

புகைப்படத்தைத் தானாகக் கோடாக மாற்றுகிற 'டிரேஸ்' வேலையை முதல் அத்தியாயத்திலேயே போட்டு ஆசை காட்டுகிற புத்தகங்களை ஒதுக்குங்கள். பழைய தரையைக் கைபேசியில் படம் எடுத்து டிரேஸ் செய்தால், நாலு முனையில் முடிய வேண்டிய இதழுக்கு நானூறு முனை வந்து விழும். திரையில் அழகாகத்தான் இருக்கும். வெட்டுபவர் கைக்குப் போனால் விளிம்பு ரம்பப் பல்லாகிவிடும்.

தமிழா ஆங்கிலமா என்று கேட்டிருக்கிறீர்கள். தமிழ்ப் புத்தகம் நன்றாக இருந்தால் அதுவே போதும். ஆனால் நீங்கள் பார்க்கப் போகிற மெனு பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். கட்டளைப் பெயர்களைத் தூய தமிழாக்கி, ஆங்கிலப் பெயரை எங்கேயும் கொடுக்காத புத்தகம் ஊர்ப் பெயர் இல்லாத வரைபடம் போன்றது. ஒரே புத்தகத்தில் நோடு என்பதை ஓரிடத்தில் 'கணு', ஓரிடத்தில் 'முனை', மற்றோரிடத்தில் 'புள்ளி' என்று எழுதியிருந்ததை வைத்துக்கொண்டு ஒரு பையன் என்னிடம் அழாத குறையாக வந்தான். அவன் கல்லூரிப் பாடத்திட்டத்தில் அந்தப் புத்தகம்தான் பரிந்துரையாம். பாடத்திட்டக் குழுவில் யாராவது ஒருவர் ஒரே ஒரு வட்டமாவது வரைந்து பார்த்திருப்பாரா?

பதிப்பு எண்களைப் பார்த்து மிரள வேண்டாம். பியேர் பெஸியே என்ற பொறியாளர் 1960-களில் ரெனோ கார்களின் உடம்பை வடிவமைக்கப் பயன்படுத்திய அதே வளைகோட்டைத்தான் இன்றைய பேனா கருவியும் வரைகிறது. இரண்டு மூன்று பதிப்பு பழையதென்றால் பொத்தான்கள் இடம் மாறியிருக்கும், தேடினால் கிடைத்துவிடும்.

உங்கள் தொழிலுக்கு மட்டும் இதில் ஒரு விலக்கு உண்டு. பத்திரிகை அடிப்பவருக்கு இது பெரிதாகத் தோன்றாது. கல் ஊற்றுபவருக்கு இதில் பிசகினால் அச்சே வீண். 2017 ஜனவரியில் வந்த 0.92 பதிப்புக்கு முன்பு, இங்க்ஸ்கேப் ஓர் அங்குலத்துக்கு 90 திரைப்புள்ளி என்று கணக்கு வைத்திருந்தது. 0.92-இலிருந்து அது 96 ஆகிவிட்டது. பழைய கணக்கில் எட்டு அங்குலக் கல் 720 புள்ளி. அந்த 720 புள்ளியைப் புதிய கணக்கில் திறந்தால், 720-ஐ 96-ஆல் வகுத்துப் பாருங்கள், ஏழரை அங்குலம்தான் வரும். எட்டு அங்குலச் சட்டத்துக்குள் ஏழரை அங்குல அச்சை வைத்தால் நாலு பக்கமும் கால் கால் அங்குலம் இடைவெளி நிற்கும்; ஊற்றிய நிறம் அந்த வழியே ஓடிவிடும். பழைய கோப்பைத் திறக்கும்போது புதிய இங்க்ஸ்கேப் 'அளவை மாற்றட்டுமா' என்று கேட்கும். என்னவென்று படிக்காமல் சரி என்று அழுத்துவதுதான் நம் வழக்கம். இல்லஸ்ட்ரேட்டரில் செய்து எஸ்விஜி என்ற கோட்டோவிய வகையில் சேமித்த கோப்பு வந்தால் இன்னும் விபரீதம்: அதற்கு ஓர் அங்குலம் 72 புள்ளி. எட்டு அங்குலக் கல் 576 புள்ளியாக வந்து, இங்க்ஸ்கேப்பில் ஆறு அங்குலமாகச் சுருங்கி நிற்கும்.

ஆகவே 2017-க்கு முந்தைய இங்க்ஸ்கேப் புத்தகம் பாதி விலைக்குக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம். 2020 மே மாதம் வந்த 1.0 பதிப்புக்கோ அதற்குப் பிந்தியதற்கோ எழுதியதாக இருந்தால் இன்னும் நல்லது. அதற்கு முன்பு இங்க்ஸ்கேப் கீழ் இடது மூலையிலிருந்து அளந்தது, 1.0 முதல் மேல் இடது மூலையிலிருந்து அளக்கிறது. பழைய புத்தகத்தைப் பார்த்து, பூ எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்ற எண்ணைத் தட்டினால் பூ தலைகீழ் இடத்தில் போய் உட்காரும். எந்தப் பதிப்பாக இருந்தாலும், ஒவ்வொரு கோப்பின் மூலையிலும் சரியாக ஓர் அங்குலச் சதுரம் ஒன்று வரைந்து வைத்துவிடுங்கள். வெட்டுபவர் தன் திரையில் முதலில் அந்தச் சதுரத்தை அளந்து பார்க்கட்டும். அங்குலம் அங்குலமாக இருந்தால் மட்டும் வெட்டச் சொல்லுங்கள்.

கடைக்காரர் உங்களிடம் சொல்லாத ஒரு சங்கதி: இங்க்ஸ்கேப்பின் உதவி மெனுவிலேயே பாடங்கள் இருக்கின்றன. அவை படிக்கும் பக்கங்கள் மட்டுமல்ல, திறந்ததும் அதிலேயே வரைந்து பழகலாம். அந்த மென்பொருளை உருவாக்குவதில் பங்கெடுத்தவர் ஒருவர் எழுதிய விரிவான ஆங்கிலக் கையேடும் இணையத்தில் இலவசமாகப் படிக்கக் கிடைக்கிறது. முதல் ஒரு மாதம் உதவி மெனுவை வைத்துக்கொண்டே ஓட்டுங்கள். எந்த இடத்தில் முட்டுகிறீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பிறகு அந்த நோட்டோடு கடைக்குப் போனால் சொல்லடைவில் எதைத் தேட வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். அந்தத் தமிழ்ப் புத்தகம் தேறினால் அதை வாங்குங்கள். தேறாவிட்டால் தலையணையை வாங்குங்கள். படம் நிறைய இருந்தால் ஆங்கிலம் மெதுவாக வந்தாலும் பரவாயில்லை.

நூலகத்தில் பார்க்கலாமே என்று தோன்றும். பாருங்கள், தப்பில்லை. நான் ஒரு முறை ஒரு நூலகத்துக்குப் போனபோது இந்தத் துறைப் புத்தகம் ஒன்றே ஒன்று இருந்தது, கண்ணாடி அலமாரிக்குள். 'நோக்குநூல்' என்று முத்திரை குத்தியிருந்ததால் வீட்டுக்குத் தரமாட்டார்களாம். அங்கேயே படிக்கலாம் என்றால் மடிக்கணினியைச் செருக மின்இணைப்பு இல்லை. அலமாரிச் சாவி வைத்திருந்தவர் அன்று விடுப்பு. அந்தப் புத்தகம் எந்தப் பதிப்புக்கானது என்பதை இன்றுவரை நான் பார்க்கவில்லை.

எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒன்று கடைசியாக. நீங்கள் கண்ணாடி மேல்தான் நிறத்தை ஊற்றுகிறீர்கள். கல்லின் முகம் கீழே, கண்ணாடியைப் பார்த்து இருக்கிறது. மேலிருந்து பார்க்கும்போது அச்சில் வலது பக்கம் சாய்கிற கொடி, தரையில் பதித்த பிறகு இடது பக்கம் சாயும். சுற்றிலும் ஒரே மாதிரி இருக்கிற பூவுக்கு இது தெரியாது. கொடி, பறவை, எழுத்து என்றால் வெட்டக் கொடுப்பதற்கு முன் முழுவதையும் தேர்ந்தெடுத்து, விசைப்பலகையில் 'எச்' எழுத்தை ஒரு முறை தட்டிப் புரட்டிவிடுங்கள். உங்கள் அப்பாவுக்கு இது கைப்பழக்கமாகவே தெரிந்திருக்கும். முதல் டிசைனை அவரிடம் காட்டாமல் அனுப்பாதீர்கள்.

அச்சு வெட்டுபவரிடம் அவருடைய இயந்திரம் எந்த வகைக் கோப்பை ஏற்கும் என்று நாளைக்கே கேட்டுவிடுங்கள். எஸ்விஜி என்றால் கவலையில்லை. 'டிஎக்ஸ்எஃப் மட்டும்தான்' என்று வேறொரு கோப்பு வகையைச் சொன்னால், சொல்லடைவில் தேட வேண்டிய மூன்றாவது சொல் அது.