ஒன்றுக்கு நிறம் மாறினால் மஞ்சள்தான் காரணமா?

ஏனுங்க, நாலு பக்கக் கடிதத்தில் தயோரெடாக்சின் என்கிற புரதத்தின் புராணம் எழுதிவிட்டு, சொல்ல வேண்டியதைப் பின்குறிப்பில் வைத்திருக்கிறீர்களே! "பத்து நாளாக ஒன்றுக்கு டிகாக்‌ஷன் நிறத்தில் போகிறது, உடம்பு அரிக்கிறது. மஞ்சளிலிருந்து எடுத்த குர்குமின் கேப்சூல் சாப்பிடுவதால் இருக்கும்" என்று.

நீங்கள் ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருப்பவர். மஞ்சள் வேகவைக்கிற ஆட்களின் உள்ளங்கை மாசக்கணக்கில் மஞ்சளாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவர்களில் யாருக்காவது ஒன்றுக்கு டிகாக்‌ஷன் மாதிரிப் போய்ப் பார்த்தீர்களா? அந்த நிறம் பெரும்பாலும் பிலிருபின் என்கிற பித்த நிறமி, கல்லீரல் தடுமாறும்போது இறங்குவது. அரிப்பும் சேர்ந்திருப்பதால்தான் எனக்குச் சந்தேகம் வலுக்கிறது. பகல் வெளிச்சத்தில் கீழிமையை இழுத்து வீட்டில் யாரையாவது கண்ணின் வெள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள்; டியூப்லைட்டில் தெரியாது. மலம் வெளுத்துப் போகிறதா என்றும் கவனியுங்கள். ஆனால் இதெல்லாம் தெரிந்துகொண்டு கிளம்பலாம் என்று உட்கார வேண்டாம். பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரியோ பக்கத்து டாக்டரோ, இன்றைக்கே போய் பிலிருபின், கல்லீரல் என்சைம்களான எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர், மஞ்சள் காமாலை வைரஸ் சோதனைகள் எடுங்கள். வாந்தி நிற்காவிட்டாலோ, பேச்சு குழறினாலோ, பகலெல்லாம் தூங்கி வழிந்தாலோ நேராக அவசரப் பிரிவுக்கு. எந்தக் காரணம் கொண்டும் கீழாநெல்லி, பத்தியம் என்று ஒரு வாரத்தைக் கழிக்காதீர்கள்.

கேப்சூலை இன்றோடு நிறுத்துங்கள். குழம்பில் போடுகிற மஞ்சளுக்கு நான் எதிரி இல்லை. அதில் குர்குமின் நூற்றுக்குச் சுமார் மூன்று பங்குதான். கேப்சூலில் அதையே பிழிந்தெடுத்து, மிளகிலிருந்து எடுத்த பைப்பரினையும் சேர்த்து அடைக்கிறார்கள். பைப்பரின் சேர்ந்தால் ரத்தத்தில் குர்குமின் 20 மடங்கு ஏறுவதாக 1998-இல் ஒரு ஆய்வே வந்தது. இப்படிச் சாப்பிட்டுக் கல்லீரல் வீங்கியவர்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கிறார்கள். பெரும்பாலோருக்கு நிறுத்தினால் சரியாகிறது, சிலருக்கு ஆகவில்லை.

இனி உங்கள் தயோரெடாக்சின். 105 அமினோ அமிலம் கொண்ட சின்னப் புரதம், நம் எல்லாச் செல்லிலும் உண்டு. 32, 35-ஆம் இடங்களில் இரண்டு சிஸ்டீன், கந்தகக் கொக்கிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறொரு புரதத்தில் கந்தகத்தோடு கந்தகம் பின்னிக்கொண்டால், 32 போய் மாட்டி முடிச்சை அவிழ்க்கும். 35 வந்து 32-ஐ விடுவிக்கும். இப்போது இவை இரண்டும் தங்களுக்குள் பின்னிக்கொள்ளும். அதைப் பிரித்துவிடுவது செலினியம் உள்ள ரிடக்டேஸ் என்சைம்.  இந்தப் புரதத்தைக் கூட்டத்தான் குர்குமின் என்று எவனோ வீடியோவில் சொன்னதை நம்பினீர்கள். சோதனைக்குழாயில் குர்குமின் அந்த ரிடக்டேஸையே முடக்குகிறது என்று 2005-இல் காட்டிவிட்டார்கள். வீடியோ போட்டவர் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை போலிருக்கிறது! புற்றுக்கட்டிகளில் தயோரெடாக்சின் கூடுதலாக இருக்கும் என்று படித்து இன்னொரு பக்கம் பயந்திருக்கிறீர்கள். பல கட்டிகளில் அப்படித்தான். கட்டி தன்னைக் காத்துக்கொள்ள அதைக் கூட்டிக்கொள்கிறது. அதற்காக நீங்கள் அளந்து பார்க்க வேண்டியது எதுவும் இல்லை.

நகத்தில் வெள்ளைப்புள்ளி, கொட்டாவி, கால் விரல் மரத்துப்போவது என்று எழுதியதில் முதல் இரண்டையும் மறந்துவிடுங்கள். மூன்றாவதற்குச் சர்க்கரை பாருங்கள். நீங்கள் சாப்பிடும் செலினியம் மாத்திரையும் நிற்கட்டும். அதிகமானால் முடி கொட்டும், நகம் உடையும்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது அண்ணன்தான் என்று தெரிகிறது. 55 வயதில் அவருக்குப் பெருங்குடல் புற்று. உங்களுக்கு இப்போது 52. அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது, மாத்திரையில்தான் பதில் இல்லை. கூடப்பிறந்தவருக்கு வந்திருந்தால் 40 வயதிலேயே கொலோனோஸ்கோபி பார்த்திருக்கோணும். கல்லீரல் தெளிந்ததும் பார்த்துவிடுங்கள். தம்பி, தங்கை இருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள்.

கோபத்தில் கேப்சூல் டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். லேபிளோடு எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள்.