அமெரிக்காவில் 'டெடிகேட்டட்' லாரி வேலை என்றால் என்ன, எப்படி ஒப்பிடுவது?

ஓட்டுநர் ஒரே வாடிக்கையாளரின் சரக்கை மட்டும் ஓட்டுவதுதான் டெடிகேட்டட். சம்பளம் தருவது லாரி கம்பெனி. அந்த வாடிக்கையாளர் நீண்ட ஒப்பந்தம் போட்டுவிடுவதால் வழியும் வீடு திரும்பும் நாளும் ஓரளவு முன்பே தெரியும். மற்ற லாரி வேலைக்கும் இதற்கும், சவாரி தேடி ஓடும் ஆட்டோவுக்கும் ஒரே பள்ளிக்குப் போகும் வேனுக்கும் உள்ள வித்தியாசம்தான்.

வேலைகளை ஒப்பிடும்போது மைலுக்கு எத்தனை சென்ட் சம்பளம் என்று மட்டும் பார்க்காதீர்கள், 14 மணி நேரப் பணியில் 11 மணி நேரம்தான் ஓட்டலாம் என்பது சட்டம், அதனால் கடை வாசலில் காத்திருந்தே பாதி நாள் போனால் மைலும் குறையும், காசும் குறையும். காத்திருப்புக்குத் தனிக் காசு உண்டா என்று கேளுங்கள். அப்புறம், சரக்கை யார் இறக்குவது? சில மலிவு விலைக் கடைகளுக்குப் போகும் வேலைகளில் சக்கரக் கூண்டுகளை ஓட்டுநரே உருட்டி இறக்க வேண்டும், கூடுதல் பணம் அந்த முதுகுவலிக்குத்தான்.

டெடிகேட்டட் என்றாலே தினமும் வீட்டுக்குப் போகலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, வாரம் ஒருமுறை மட்டும் வீடு வரும் வேலைகளும் இதில் உண்டு.