விமானங்களில் அந்நியப் பொருள் சேதத்தை (சுருக்கமாக எஃப்ஓடி: ஓடுபாதையிலோ எஞ்சினுக்குள்ளோ கிடக்கும் வேண்டாத பொருளால் நேரும் சேதம்) தடுக்க ஊழியர் பயிற்சி உண்மையிலேயே உதவுமா, அல்லது வெறும் சடங்கா?

உதவும். ஆனால், பராமரிப்புப் பணியில் இருப்பவன் என்ற முறையில் நான் கண்டவரை, பெரும்பாலான வகுப்புகள் கீழே கிடப்பதைப் பொறுக்கக் கற்றுத் தருவதோடு நின்றுவிடுகின்றன.

எஃப்ஓடி என்றதும் எல்லோரும் சொல்லும் உதாரணம் 2000 ஜூலை 25 அன்று பாரிஸில் நேர்ந்த கான்கார்ட் பயணிகள் விமான விபத்து. சற்று முன் அதே ஓடுபாதையிலிருந்து கிளம்பிய டிசி-10 விமானத்தின் எஞ்சின் பகுதியிலிருந்து கழன்று விழுந்த டைட்டானியம் பட்டையொன்று கான்கார்டின் டயரைக் கிழித்தது; சிதறிய ரப்பர் துண்டு இறக்கையின் அடியில் மோத, எரிபொருள் தொட்டி உடைந்து தீப்பிடித்தது. விமானத்திலிருந்த 109 பேரும் தரையில் 4 பேரும் இறந்தனர். ஓடுபாதையை அடிக்கடி சோதித்திருக்க வேண்டும் என்று முடித்துவிடுவார்கள். ஆனால் அந்தப் பட்டை அதே மாதம் ஹூஸ்டனில் மாற்றிப் பொருத்தப்பட்டது. உற்பத்தியாளர் வகுத்த முறைப்படி அது செய்யப்படவும் இல்லை, பொருத்தப்படவும் இல்லை என்று விசாரணை அறிக்கை கூறுகிறது. பாரிஸ் ஓடுபாதையில் கிடந்த பொருள் அமெரிக்க ஹேங்கர் (விமானப் பராமரிப்புக் கூடம்) ஒன்றில் உருவானது. ஆகவே பராமரிப்புக் கையேட்டை விட்டு விலகாமல் வேலை செய்யப் பழக்குவதும் எஃப்ஓடி பயிற்சிதான்.

இன்னும் பொருத்தமான உதாரணம் ஆஸ்திரேலிய நிறுவனமான குவாண்டாஸின் ஏ380 விமானம். 2023 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸில் எஞ்சினின் உட்புறத்தைக் கேமராவால் சோதித்தபோது பயன்படுத்திய, 1.25 மீட்டர் நீளமுள்ள நைலான் கருவி எஞ்சினுக்குள்ளேயே தங்கிவிட்டது. அதைச் சுமந்தபடி விமானம் 34 முறை பறந்தது. 2024 ஜனவரி 1 அன்றுதான் கருவி கண்டெடுக்கப்பட்டது. கருவியைக் காணவில்லை என்பது முன்பே தெரிந்திருந்தும், தொலைந்த கருவிக்கான தேடல் நடைமுறையைத் தொடங்காமலே விமானத்தைப் பறக்க அனுமதித்துச் சான்றளித்தார்கள் என ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கை சொல்கிறது. அங்கே குறைந்தது அறிவன்று. புறப்பாட்டு நேரம் நெருங்கும்போது “கருவிக் கணக்கு சரியாக இல்லை, விமானம் நிற்கட்டும்” என்று சொல்லும் பழக்கம்.

இந்தப் பழக்கத்தைக் கரும்பலகையில் எழுதி வரவைக்க முடியாது. பயிற்றுநர் ஒரு ஸ்பேனரை வேண்டுமென்றே எடுத்து ஒளித்துவிட்டு, ஷிஃப்ட் முடிவில் கருவிகளை மாட்டும் பலகையில் காலியாக இருக்கும் இடத்தைக் குழுவில் யார் கவனிக்கிறார், கவனித்தவர் யாரிடம் சொல்கிறார், கேட்டவர் உடனே வேலையை நிறுத்துகிறாரா என்று பார்ப்பது, பத்துப் படக்காட்சிகளைவிடப் பயன் தரும். சொன்னவரை “இப்போதா இதைச் சொல்வது?” என்று கடிந்துகொள்ளும் மேற்பார்வையாளரையும் அதே பயிற்சியில் உட்கார வைக்க வேண்டும், பல இடங்களில் அவருக்கு விலக்குத் தரப்படுவது எனக்குப் புரியாத புதிர்.

பெட்டி ஏற்றுவோருக்கும் உணவு வண்டி ஓட்டுவோருக்கும் இவ்வளவு விரிவு தேவையில்லை. உடைந்த பெட்டிச் சக்கரம், பிளாஸ்டிக் உறை, பூட்டு ஆகியவற்றை எங்கே போட வேண்டும் என்று காட்டி, சேதமடைந்த எஞ்சின் விசிறித் தகடு ஒன்றை அவர்கள் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னால் போதும். ஒப்பந்தப் பணியாளர்கள் மாறிக்கொண்டே இருப்பதால், ஆண்டுக்கொரு முறை என்றில்லாமல் புதியவர் சேரும் அன்றே அதைச் செய்ய வேண்டும்.