முதல் துவக்கு எது வாங்கலாம் எண்டு கேட்ட தம்பிக்கு

தம்பி, உம்முடைய கேள்வியைக் கைதடியிலை அம்மா வீட்டு விறாந்தையிலை இருந்துதான் வாசிச்சனான். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த இடம். கனடா வந்து ஒரு வருசம், துவக்குச் சோதனை பாஸ், லைசென்ஸுக்கும் போட்டாச்சு. முயலுக்கும் மானுக்கும் போக, குறி பாத்துச் சுட, "சிக்காமல் வேலை செய்யிற செமி ஓட்டோ றைபிள் ஒண்டு சொல்லுங்கோ அண்ணை" எண்டு கேட்டிருக்கிறீர். வன்னியிலை வயலுக்கு வாற பண்டிக்கு அப்பா ஒரு சொட்கன் வைச்சிருந்தவர் எண்டும் எழுதியிருக்கிறீர். ஒரு துவக்காலை இவ்வளவும் நடக்காது. பிரிச்சுச் சொல்லுறன்.

மானுக்கு செமி ஓட்டோ, அதாவது ஒவ்வொரு வெடிக்கும் பிறகு அடுத்த ரவையைத் தானே ஏத்துற துவக்கு, வேண்டாம். போல்ட்டை, அதாவது குழலின்ரை பின்பக்கத்தை அடைக்கிற இரும்புத் துண்டை, கையாலை இழுத்துத் தள்ளுற றைபிள் ஒண்டு போதும். அதுக்குள்ளை தானாய் ஓடுற சாமான் ஒண்டும் இல்லை, அதாலை பழுதாகிறதும் குறைவு. மானுக்கு ஒரு வெடிதான். ரண்டாவது தேவைப்பட்டால் முதலாவது பிழைச்சுப் போச்சு எண்டுதான் அர்த்தம். அதோடை தெற்கு ஒன்ராறியோவிலை பல வலயங்களிலை மானுக்கு றைபிளே கூடாது, சொட்கன்தான். எந்த வலயத்துக்குப் போகப் போறீர் எண்டதைப் பாத்திட்டுத்தான் காசைக் கையிலை எடுக்கோணும்.

செமி ஓட்டோ வேணுமெண்டால் .22 எண்ட சின்ன ரவைத் துவக்கிலை தொடங்கும். என்ரை தெரிவு றூகர் 10/22. 1964 இலை இருந்து வாற சாமான், உதிரிப்பாகம் எங்கையும் கிடைக்கும், கழட்டிப் பூட்டத் தெரிஞ்ச ஆக்களும் கன பேர். பத்து ரவை பிடிக்கிற சின்ன மகசின் (ரவைக் கூடு), வெளியிலை துருத்தாமல் உள்ளுக்கை போய் இருந்திடும். பெரிய ரவை சுடுற செமி ஓட்டோ றைபிளுக்குக் கனடாவிலை மகசினுக்கு அஞ்சு ரவைதான் எண்டு சட்டம். அந்த அஞ்சுக் கணக்கு .22க்கு இல்லை.

இனி உந்தச் "சிக்காமல்" எண்ட கதை. உது துவக்கின்ரை பேரிலை மட்டும் இல்லை. .22 செமி ஓட்டோவிலை வெடிக்கேக்கை கோது (ரவையின்ரை வெளி உறை) பின்னுக்குத் தள்ளுற தள்ளிலைதான் போல்ட் பின்னாலை போகுது. ஸ்பிறிங் அதை முன்னாலை தள்ளேக்கை அடுத்த ரவையைக் கொழுவிக்கொண்டு வருது. ரவை பலமில்லாட்டி போல்ட் பாதித் தூரம் போய்த் திரும்பும். கோது வெளியிலை விழாமல் வாசலிலை நிமிர்ந்து நிண்டு உம்மைப் பாக்கும். சத்தம் குறைஞ்ச மெதுவான ரவையைப் போட்டிட்டு "துவக்குச் சரியில்லை" எண்டு கடைக்காரனோடை சண்டை பிடிச்ச ஆள் நான். பிறகு ஒரு கிழவன் வெள்ளைக்காரன் தன்ரை பெட்டியிலை இருந்து வேகமான ரவை பத்துத் தந்தார். பத்தும் வெடிச்சுது, பத்துக் கோதும் நிலத்திலை. மூண்டு வகை ரவை வாங்கி, ஒவ்வொண்டிலையும் நூறு வெடி வைச்சுப் பாரும். எது சிக்கேல்லையோ அதைப் பெட்டியாய் வாங்கும். விலை குறைஞ்சதே நல்லாய் ஓடுறதும் உண்டு.

மற்றது மகசின். நாள்பட்ட துவக்குகள் சிக்கிறதுக்குப் பாதிக் காரணம் அதுதான். ரண்டு மகசின் வாங்கி, பேனையாலை ஒண்டு, ரண்டு எண்டு எழுதி வையும். சிக்கிறது எப்பவும் "ரண்டு" எண்டால் துவக்கைத் திட்ட வேண்டாம். பழைய துவக்கு வாங்கிறதெண்டால் மகசின் வாயிலை நெளிவு இருக்கோ, கோதைப் பிடிச்சு இழுக்கிற கொழுக்கி தேஞ்சு போச்சோ எண்டு பாரும்.

குளிர் தான் எனக்குப் படிப்பிச்சது. முதல் மாரியிலை தையல் மெசினுக்கு விடுற மாதிரி எண்ணெயை ஊத்தி வைச்சனான். மைனஸ் இருபதிலை அந்த எண்ணெய் பனங்கட்டிப் பாகாய்த் தடிச்சு, போல்ட் தூக்கத்திலை நடக்கிற ஆள் மாதிரிப் போய் வந்துது. ட்றிகரை அமத்தினால் "டிக்" எண்ட சத்தம் மட்டும். முயல் திரும்பிப் பாத்திட்டு ஆறுதலாய்ப் போச்சு. மாரிக்கு முதல் துடைச்சு, துணியிலை பட்ட அளவு எண்ணெய் போதும். வீட்டுக்குக் கொண்டு வந்த உடனை பையைத் திறக்காதையும், வேர்த்துத் துருப்பிடிக்கும். "டிக்" மட்டும் கேட்டால் வகுப்பிலை சொன்னதை மறக்காதையும்: ஒரு நிமிசம் குழல் குறிப்பக்கமே நிக்கோணும், பிந்தி வெடிக்கிற ரவை உண்டு.

எஸ்.கே.எஸ் எண்ட பழைய ரஷ்ய ஆமி செமி ஓட்டோ றைபிள் மலிவு, மண்ணுக்குள்ளை போட்டு எடுத்தாலும் வேலை செய்யும் எண்டு சிநேகிதர் சொல்லுவினம். உண்மைதான். சீனாக்காரன் செய்ததுக்குப் பேரும் ரைப் 56. ஊரிலை ஆமிக்காரன் தோளிலை கண்ட ரி-56 அதில்லை, அது ஏகே வகை. சீனாவிலை ரண்டுக்கும் ஒரே இலக்கம். பேர் கேட்டதும் எனக்கு வயித்தைப் புரட்டினது, அதாலை நான் வாங்கேல்லை. உமக்கு அப்பிடி இல்லாட்டி வேறை கதை. ஆனால் பழைய ஆமி ரவை குழலை அரிக்கும், சுட்ட அண்டைக்கே சுடுதண்ணி விட்டுக் கழுவோணும்.

ஒண்டு மட்டும் மனசிலை வைச்சிரும். கனடாவிலை செமி ஓட்டோவுக்கு இண்டைக்கு இருக்கிற நிலைமை நாளைக்கும் இருக்கும் எண்டு சொல்லேலாது. 2020 மே 1 ஆம் திகதி ஏறத்தாழ 1,500 வகையைத் தடை செய்தவை. 2024 டிசம்பரிலை இன்னும் 324, 2025 மார்ச்சிலை 179. என்ரை மினி-14 எண்ட செமி ஓட்டோ றைபிள் முதல் பட்டியலிலையே போச்சு. சுடவும் ஏலாது, விக்கவும் ஏலாது, அலுமாரிக்குள்ளை படுத்திருக்கு. எஸ்.கே.எஸ் அந்த மூண்டு பட்டியலிலையும் இல்லை. எண்டாலும் வாங்கிற அண்டைக்குச் சட்டத்தைப் பாத்திட்டு வாங்கும், கடைக்காரன்ரை வாய்ச்சொல்லிலை வாங்காதையும். .22 மரக்கட்டைத் துவக்கைக் கை வைக்கிறது குறைவு எண்டதும் நான் அதைச் சொல்லுறதுக்கு ஒரு காரணம்.

லைசென்ஸ் பிந்துது எண்டு எழுதியிருந்தீர். முதல் தரம் போடுற ஆளுக்கு ஆகக் குறைஞ்சது 28 நாள் காத்திருப்பு இருக்கு, பயப்படாதையும். மனுசியோடை முதலே கதைச்சிரும், விண்ணப்பத்திலை அவவின்ரை கையெழுத்துக்கும் இடம் இருக்கு. கையெழுத்துக்காக மட்டும் இல்லை. இஞ்சை இப்ப கோயில் வெடி போட்டவங்கள், எங்கடை அம்மா உலைமூடியைக் கையிலை பிடிச்சபடி குனிஞ்சு இருந்திட்டா. சண்டை முடிஞ்சு எத்தினை வருசம்! உம்முடைய வீட்டிலையும் அப்பிடி ஒரு ஆள் இருந்தால் துவக்கு வீட்டுக்கு வாறதைக் கேட்டிட்டுச் செய்யும். வந்த பிறகு ரவை ஒரு பூட்டிலை, துவக்கு இன்னொரு பூட்டிலை. ஆரும் வீட்டுக்கை புகுந்தால் பாக்கலாம் எண்ட நினைப்பிலை வாங்கிறதெண்டால், தயவுசெய்து வாங்காதையும்.

செப்டெம்பர் நடுப்பகுதியிலை நான் திரும்பி வந்திருவன். ஒரு சனிக்கிழமை என்னோடை சுடுற இடத்துக்கு வாரும், என்ரை 10/22 இலை நூறு வெடி வைச்சுப் பாத்திட்டு வாங்கலாம். காதுக்கும் கண்ணுக்கும் போடுறது என்னட்டை ரண்டு சோடி இருக்கு. கோது பொறுக்க ஒரு பை மட்டும் கொண்டு வாரும்.