அண்ணனின் மனைக்குப் போகும் அழகுக்கலைப் படிப்புக் கடன்

கேள்வி: நியூ ஜெர்சியில் எடிசனில் வசிக்கிறோம். கிரீன் கார்டு இருக்கிறது. கணவருக்கு உணவகத்தில் சமையல் வேலை, ஆண்டு வருமானம் 38,000 டாலர். இரண்டு பிள்ளைகள். நான் ஊரில் பாலிடெக்னிக் டிப்ளமோவோடு படிப்பை நிறுத்தியவள். இப்போது காஸ்மெட்டாலஜி பள்ளியில் 1,200 மணி நேரப் படிப்பில் சேர்ந்திருக்கிறேன். பொருட்களோடு சேர்த்துக் கட்டணம் 17,500 டாலர். அரசு மானியமும் மாணவர் கடனும் கிடைத்தன. முதல் தவணையில் கட்டணம் போக 1,830 டாலர் ரீஃபண்டாக வந்தது. 1,700 டாலரைத் திருச்சியில் இருக்கும் அண்ணனுக்கு மனை முன்பணமாக அனுப்பிவிட்டேன். இரண்டு வாரம் முன்பு இரண்டாவது ரீஃபண்டும் வந்தது. அண்ணன் அதையும் கேட்கிறார். "உனக்கு ஆறு சதவீத வட்டிதான். மனை மூன்று வருடத்தில் இரட்டிப்பாகும்" என்கிறார். என் திருமணத்துக்குக் கடன் வாங்கிச் சீர் செய்தவர் அவர், மறுக்க முடியவில்லை. வீட்டுச் செலவுக்குச் சனிக்கிழமைகளில் கடை வேலைக்குப் போனதில் வகுப்பில் 96 மணி நேரம் பின்தங்கிவிட்டேன். பி.காம். படித்த என் நாத்தனாரும் இதே மானியத்தில் சேரலாமா? இரவில் தூக்கம் வருவதில்லை.

- வாசகி, எடிசன்

பதில்: நீங்கள் அனுப்பிய கணக்குத் தாளையும் ஒப்பந்தப் பக்கங்களையும் வரி விடாமல் படித்தேன். படிப்பைத் தேர்ந்தெடுத்ததில் தவறில்லை. விண்ணப்பத்தையும் சரியாகவே நிரப்பியிருக்கிறீர்கள். உங்கள் வருமானத்துக்கு, பெல் எனப்படும் அரசு மானியம் முழு அளவில், அதாவது 7,395 டாலர், கிடைத்திருக்கிறது. 900 மணி நேரம் முடிந்த பிறகு மீதிப் படிப்புக்காக 2,465 டாலர் வரும். ஆக 9,860 டாலர் திருப்பித் தர வேண்டாத பணம். அதனால் மானியத்தைப் பற்றிப் பேசாமல் அந்த "ரீஃபண்ட்" என்ற சொல்லுக்கு வருகிறேன். அதுதான் உங்களை ஏமாற்றியிருக்கிறது.

உங்கள் தாளில் முதல் தவணை இப்படி இருக்கிறது. மானியம் 3,697. கடன் 4,750, அதில் சுமார் 50 டாலர் எடுப்புக் கட்டணமாக, அதாவது கடன் தருவதற்காகப் பிடிக்கும் தொகையாக, போய்விட்டது. மொத்தம் ஏறத்தாழ 8,400. பள்ளி எடுத்துக்கொண்ட கட்டணம் 6,562. மிச்சம் 1,830. கட்டணத்துக்கு மானியம் போக 2,865 டாலர்தான் தேவைப்பட்டது. பள்ளி உங்கள் பெயரில் எடுத்ததோ 4,750. கையில் வந்த மிச்சம் முழுக்க முழுக்கக் கடன். அரசு கொடுத்த காசு அதில் ஒரு டாலர் கூடக் கிடையாது. 1,200 மணி நேரத்துக்கும் சேர்த்துப் பார்த்தால் உங்களுக்குத் தேவையான கடன் 7,640, அனுமதித்திருப்பது 13,000. இடையில் இருக்கும் ஐயாயிரம் சொச்சம், ஏறத்தாழ நாலரை லட்சம் ரூபாய், மூன்று தவணையாகத் திருச்சிக்குப் போகக் காத்திருக்கிறது.

இந்தக் கடனுக்கு நீங்கள் கையெழுத்திட்ட உறுதிப் பத்திரத்தில், பணத்தைப் படிப்புச் செலவுக்கும் படிக்கும் காலத்தில் வாழ்க்கைச் செலவுக்கும் மட்டுமே பயன்படுத்துவேன் என்று எழுதியிருக்கிறது. வாடகை கட்டலாம், அரிசி வாங்கலாம். அண்ணனுக்கு மனை வாங்கித் தரக்கூடாது. இதைக் கடுமையாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

மூன்று வருடத்தில் இரட்டிப்பு என்றால் ஆண்டுக்கு 26 சதவீதம். எந்த மனை விற்பனையாளரும் அதை எழுத்தில் தர மாட்டார். அவர்கள் வேனில் ஏற்றிக் கூட்டிப்போய், மதியச் சாப்பாடு போட்டு, கொடி நட்ட காலி நிலத்தைக் காட்டும் இந்த வியாபாரத்தில் முன்பணத்தோடு நின்றுபோன குடும்பங்களை நிறையப் பார்த்துவிட்டேன். அப்படியே இரட்டிப்பானாலும் பத்திரம் யார் பெயரில்? நீங்கள் அதை எழுதவில்லை. அண்ணன் பெயரில் என்றால் லாபம் அவருக்கு, டாலரில் தவணை உங்களுக்கு.

இதைவிட என்னை வருத்தியது உங்கள் சனிக்கிழமைகள். பள்ளி செவ்வாய் முதல் சனி வரை. வாழ்க்கைச் செலவுக்கென வந்த பணம் ஊருக்குப் போய்விட்டதால், 12 சனிக்கிழமை பொம்மைத் தலையில் சீப்பு வைக்க வேண்டிய நேரத்தில் கடையில் நின்றிருக்கிறீர்கள். நாளுக்குச் சுமார் 120 டாலர் கிடைத்திருக்கும். உங்கள் ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தைப் பாருங்கள்: குறித்த தேதிக்குள் படிப்பை முடிக்காவிட்டால் அதற்குப் பிறகு மணிக்கு 15 டாலர் கூடுதல் கட்டணம். எட்டு மணி நேரத்துக்கு 120 டாலர். சனிக்கிழமை சம்பாதித்ததை அப்படியே பள்ளியில் கட்டப் போகிறீர்கள். 96 மணிக்கு 1,440 டாலர். இதோடு இன்னொன்றும் இருக்கிறது. மூன்றாவது தவணை காலண்டரைப் பார்த்து வராது, விரல் வைத்துப் பதிவு செய்யும் உங்கள் மணிக்கணக்கு 900-ஐத் தொட்டால்தான் வரும். பள்ளி வகுத்த குறைந்தபட்ச வருகைக்குக் கீழே போனால் மானியமே நின்றுபோகலாம்.

ஆகவே இந்த வாரமே கடைக்காரரிடம் பேசி வேலையை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றுங்கள். ஞாயிறும் திங்களும் உங்களுக்கு வகுப்பு இல்லை. அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு கடை பாருங்கள், ஓக் ட்ரீ சாலை நெடுக இந்தியக் கடைகள்தானே.

இரண்டாவது ரீஃபண்டை எங்கும் அனுப்பாதீர்கள். கடன் தொகை வந்த நாளிலிருந்து 120 நாளுக்குள் திருப்பிக் கொடுத்தால், அந்தத் தொகைக்கான வட்டியும் எடுப்புக் கட்டணமும் ரத்தாகிவிடும். உங்களுக்கு இன்னும் நூறு நாளுக்கு மேல் இருக்கிறது. அதற்குள், தவறிய மணி நேரத்தைக் கூடுதல் கட்டணம் இல்லாமல் ஈடுசெய்ய வழியுண்டா என்று பள்ளியிடம் மின்னஞ்சலில் கேளுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். உண்டு என்றால் 1,830-ஐ முழுவதும் திருப்பிவிடுங்கள். இல்லை என்றால் அந்த 1,440-ஐ ஒதுக்கி வைத்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள். வட்டிச் சலுகை இல்லாத "அன்சப்சிடைஸ்டு" வகைக் கடனில் கழிக்கும்படி கேளுங்கள், படிக்கும்போதே வட்டி ஏறுவது அதில்தான்.

மூன்றாவது தவணைக்கு 3,500 டாலர் கடன் குறித்திருக்கிறார்கள். உங்களுக்கு 1,950 போதும். நிதியுதவி அலுவலகத்துக்கு இப்போதே எழுதிக் குறைத்துவிடுங்கள். குறைக்கக் கேட்பது உங்கள் உரிமை, அதனால் மானியத்தில் ஒரு சென்ட் கூடக் குறையாது.

இந்த இரண்டையும் முழுதாகச் செய்தால் கடன் 13,000-லிருந்து 9,620 டாலராகும். 2025-26-க்கான வட்டி 6.39 சதவீதம். பத்தாண்டுத் திட்டத்தில் மாதம் 147 டாலர் கட்ட வேண்டிய இடத்தில் 109 ஆகும். மாதத்துக்கு 38 டாலர், பத்து ஆண்டில் 4,500-க்கு மேல். முதலில் அனுப்பிய 1,700 போனது போகட்டும். மனைக்காரர் முன்பணத்தைத் திருப்பித் தந்தால் வாங்கிக் கடனில் கட்டுங்கள்.

அண்ணனிடம் சொல்வதுதான் கடினம், தெரியும். சீர் செய்த கடனை நீங்கள் மறக்க வேண்டியதில்லை. ஆனால் அவருக்கு இது கடன் பணம் என்பதே தெரியாது என்று நினைக்கிறேன். "அமெரிக்காவில் அரசாங்கம் படிக்கப் பணம் தருகிறது" என்றுதான் அவர் காதுக்குப் போயிருக்கும். தொலைபேசியில், கணவரும் பக்கத்தில் இருக்கும்போது, இப்படிச் சொல்லுங்கள்: "அண்ணா, அது எனக்கு வந்த பணம் இல்லை, நான் வாங்கிய கடன். படிப்பைத் தவிர வேறு எதற்கும் செலவழிக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். லைசென்ஸ் வாங்கிச் சம்பாதித்த பிறகு என் கையால் அனுப்புகிறேன்." அவர் கோபித்துக்கொண்டால் கொஞ்ச நாள் கோபித்துக்கொள்ளட்டும். தொகையைப் பாதியாக்கிச் சமாதானம் பேசாதீர்கள்.

படிப்பு முடிந்ததும், எல்லாக் கடனையும் ஒன்றாக்கிக் குறைந்த வட்டிக்குத் தருகிறோம் என்று தனியார் நிறுவனங்கள் செயலியில் வலை விரிக்கும். அரசுக் கடனைத் தனியார் கடனாக மாற்றினால், வருமானத்துக்கேற்பத் தவணையைக் குறைக்கும் வசதி போய்விடும். முதல் இரண்டு வருடம் நிலையில்லாத வருமானத்தில் வாழும் அழகுக்கலைஞருக்கு அது பெரிய இழப்பு. கடனைத் தள்ளுபடி செய்து தருவதாகத் தொலைபேசியில் அழைத்து உங்கள் மாணவர் உதவிக் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்பவர்களிடம் ஒரு வார்த்தையும் பேச வேண்டாம்.

நாத்தனார் விஷயம்: பி.காம். முடித்தவருக்குப் பெல் மானியம் கிடையாது. பட்டம் இந்தியாவில் வாங்கியது என்றாலும் பொதுவாக அதே விதிதான். பட்டத்தை மறைத்து விண்ணப்பிக்கச் சொல்பவர்கள் இருப்பார்கள். பொய்த் தகவலுக்கு 20,000 டாலர் வரை அபராதமும் சிறையும் உண்டு என்று அந்த விண்ணப்பத்திலேயே அச்சிட்டிருக்கிறது. அவருக்குக் கடன் மட்டும் கிடைக்கலாம், 17,500-ஐயும் கடனில் படிக்க நான் சொல்ல மாட்டேன். நியூ ஜெர்சியில் சருமப் பராமரிப்புக்குத் தனி லைசென்ஸ் இருக்கிறது, 600 மணி நேரம்தான். அந்தப் படிப்புக்குப் பக்கத்துப் பள்ளிகள் எவ்வளவு கேட்கின்றன என்று விசாரித்துவிட்டு எழுதச் சொல்லுங்கள்.